சிறகு முளைச்ச பிள்ளை எப்படிக் கைகூப்புவா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிவிட்டு நிதானமா உட்கார்ந்து படிங்க.

ரெண்டு வாரமாக நம்ம ஆலயப் புலனக் குழுவில் ஒரு படத்தைப் பற்றித்தான் பேச்சு. ஞாயிறு சமய வகுப்பில் ஒரு பையன் வரைந்தது. சிறகு வைத்த மனித உருவம். நெஞ்சுப் பகுதியில் மட்டும் தோலை விலக்கிக் காட்டியதுபோல எலும்பும் தசையும். மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்து மனம் நொந்துபோனார். "கருடாழ்வாருக்கு எலும்புக்கூடு வரையுறதுக்குத்தான் சமய வகுப்பு வெச்சிருக்கீங்களா?" என்று குழுவில் எழுதினார். அதற்குக் கீழே ஆளுக்கொரு கருத்து. அன்றிரவே பையனின் அம்மா எனக்கு அழைத்தார். "இனிமே அவனை அனுப்பலீங்க. சாமி குத்தம் ஆயிடுமோன்னு பயமா இருக்கு. அவனும் வரமாட்டேங்கிறான்" என்றார்.

குழுவில் கருத்துச் சொன்ன பலர் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததில்லை. யாரோ கைப்பேசியில் எடுத்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பிழைப்புக்குப் பிசியோதெரபி செய்கிறவன். தோள் இறுகிப்போனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், முதுகுவலிக்காரர்கள், இவர்களோடுதான் வாரத்தில் ஐந்து நாள். ஆலயத்தில் ஞாயிறு வகுப்புக்கு உதவி. தைப்பூசத்தில் பத்துமலை முதலுதவிப் பந்தல். அதனால் எலும்பு, தசை என்றால் பசங்க என்னிடம்தான் வருவாங்க.

பையன் படிவம் 2 படிக்கிறான். அவன் வரைந்தது கருடாழ்வாரை இல்லை. அவன் ஒரு சித்திரக் கதை எழுதுகிறான். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே பாட்டியோடு வளரும் ஒரு பெண் பிள்ளைக்குச் சிறகு முளைக்கிறது. மந்திரம் இல்லை, சாபம் இல்லை, வரமும் இல்லை. உடம்பு அப்படி வளர்கிறது, அவ்வளவுதான். நான்கு பக்கம் வரைந்த பிறகு அவனுக்கு மேலே ஓடவில்லை. என்னிடம் வந்து கேட்டது இதுதான்: "அங்கிள், சிறகை முதுகுல எங்க ஒட்டுறது? எங்க வரைஞ்சாலும் பொய்யாவே தெரியுது."

முதலில் பெரியவரின் கவலைக்கு வருகிறேன். அது நியாயமான கவலை. கருடாழ்வார் பெரிய திருவடி. வேதமே அவர் வடிவம் என்று வணங்குகிற மரபு நம்முடையது. அவருக்கு எலும்புக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. ஆனால் கதையில் வரும் தோட்டத்துப் பிள்ளை மனுஷி. படி ஏறினால் மூச்சு வாங்கும், விழுந்தால் முட்டி சிராய்க்கும். அவளுக்குச் சிறகு கொடுத்தால் அந்த உடம்பு என்ன ஆகும் என்று கேட்டுத்தான் ஆகணும். இந்த ரெண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வகுப்பில் பசங்களை எண்ணச் சொன்னேன். தவளை, ஓணான், மாடு, குரங்கு, நாம. தரையில் வாழும் முதுகெலும்புப் பிராணிகளுக்கு கையும் காலும் சேர்த்து நான்குதான். பாம்பு மாதிரி இருந்ததை இழந்தவை உண்டு. புதிதாக ஐந்தாவது, ஆறாவது பெற்றது ஒன்றுகூட இல்லை. அப்போ பறவைக்கு? ரெண்டு கால், ரெண்டு சிறகு. சிறகுதான் அதன் கை. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அதற்குள் இருக்கிறது. விரல்கள் மட்டும் குறைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.

வௌவால் வேறு வழியில் போனது. நான்கு விரல்களை நீளமாக நீட்டி, நடுவில் தோலைக் கட்டிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் வெளியே கொக்கி மாதிரி நிற்கும். நம்ம நாட்டுப் பெரிய பழந்தின்னி வௌவாலுக்குச் சிறகு விரிப்பு ஒன்றரை மீட்டர் வரை இருக்கும். எடை என்னவோ ஏறக்குறைய ஒரு கிலோதான். மலாயில் அதைக் கெலுவாங் என்பார்கள். குளுவாங் ஊருக்குப் பேர் வந்ததே அதிலிருந்துதான். இதைச் சொன்னதும் பையனுக்குக் கண் விரிந்தது, அவன் கதை நடக்கிற தோட்டமும் அந்தப் பக்கம்தான்.

நான்கு கைகாலையும் அப்படியே வைத்துக்கொண்டு காற்றில் போகிறவையும் இங்கேயே உண்டு. பறக்கும் பல்லி, விலா எலும்புகளை வெளியே நீட்டி அதன்மேல் தோலை விரிக்கும். மலாய்க்காரர்கள் குபுங் என்று சொல்லும் பிராணிக்குக் கழுத்திலிருந்து கை, கால், வால் நுனி வரை ஒரே தோல் போர்வை. மரத்துக்கு மரம் 100 மீட்டருக்கு மேல்கூடச் சறுக்கும். ஆனால் ரெண்டும் சிறகடிக்காது. மேலிருந்து கீழேதான் வரும். திரும்ப ஏறணும்னா மரத்தைப் பிடித்துத்தான் ஏறணும்.

ஆக, தோட்டத்துப் பிள்ளைக்கு மூன்று வழி. கையே சிறகாவது ஒன்று. கை தனி, சிறகு தனி என்று ஆறு உறுப்பு வைப்பது இன்னொன்று. முதுகெலும்புள்ள எந்தப் பிராணிக்கும் இல்லாத உடம்பு அது, கதாசிரியர் துணிந்து செய்யணும். குபுங் மாதிரி தோலை விரித்துச் சறுக்குவது மூன்றாவது.

பையன் முதலில் வரைந்திருந்தது ஆறு உறுப்பு. அது ஏன் பொய்யாகத் தெரிந்தது? சிறகைத் தோள்பட்டை எலும்பின் மேல் நட்டிருந்தான். தோள்பட்டை எலும்பு முதுகில் மிதக்கிற எலும்பு. மார்புக்கூட்டோடு அது சேர்வது காறை எலும்பு வழியாக முன்பக்கம் மட்டும்தான். மற்றபடி தசைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் நம் கை இவ்வளவு தாராளமாகச் சுற்றுகிறது. அதனால்தான் தோள் சுலபமாகப் பிசகி என்னிடம் ஆள் வருகிறது. மிதக்கிற பலகையில் கொடிக்கம்பம் நட முடியுமா?

இன்னொன்று, சிறகடிக்கிற பலம் முதுகில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. கீழ்நோக்கி அடிக்கிற அடிதான் பறவையைத் தூக்குகிறது. அந்தத் தசைக்கு இடம் கொடுக்க மார்பெலும்பு படகின் அடிக்கட்டை மாதிரி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். சிறகை மேலே தூக்குகிற முக்கியத் தசைகூட நெஞ்சில்தான். அதன் நார் தோளுக்கு மேலாக வளைந்து போய், கிணற்று ராட்டினத்துக் கயிறு மாதிரி சிறகை இழுக்கும். நன்றாகப் பறக்கும் பறவைகளில் இந்தத் தசைகள் மட்டும் உடல் எடையில் 15 முதல் 25 விழுக்காடு. 50 கிலோ ஆளுக்கு அதைக் கணக்குப் போட்டால், 10 கிலோ அரிசி மூட்டை ஒன்று நெஞ்சில் ஏறணும். பெரியவர் பார்த்த பக்கம் இதுதான். பையன் நெஞ்சைத் திறந்து காட்டியது இந்தத் தசை எங்கே உட்காரும் என்று கண்டுபிடிக்க.

தைப்பூசப் பந்தலில் இத்தனை வருஷம் நின்றதால் எனக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றியது. மயிலிறகு விரித்த பெரிய காவடியைத் தூரத்திலிருந்து பார்த்தால் மனிதனுக்குச் சிறகு முளைத்த மாதிரிதான் இருக்கும். அந்தக் காவடியைக் கட்டுகிறவர்கள் உடம்பு சாஸ்திரம் படித்தவர்கள் இல்லை. ஆனால் பாரம் முழுவதையும் தோளில் விடமாட்டார்கள். இடுப்பில் பட்டை கட்டி, சட்டத்தை அதில் ஊன்றி, பாரத்தை இடுப்புக்கு இறக்குவார்கள். இடுப்பிலிருந்து அது காலுக்குப் போகும். அப்படித்தான் 272 படி ஏற முடிகிறது. இதைக் கேட்டுக்கொண்டே பையன் பழைய படத்தை அழித்தான். சிறகைத் தாங்கும் எலும்பை முதுகெலும்பு வழியாக இடுப்பெலும்போடு இணைத்து வரைந்தான். பறவைகளுக்கும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி இடுப்பெலும்போடு சேர்ந்து ஒரே கட்டையாகத்தான் இருக்கும். அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் காவடியிலிருந்து பிடித்தான்.

அடுத்தது எடை. கும்பகோணம் பக்கம் நாச்சியார்கோயில் போனவர்களுக்குக் கல் கருடனைத் தெரியும். சந்நிதியிலிருந்து கிளம்பும்போது 4 பேர் தூக்குவார்கள். வெளியே வர வர 8, 16, 32 என்று ஆள் கூடிக்கொண்டே போகும். திரும்பும்போது அதே மாதிரி குறையும் என்பது அந்தக் கோயில் வழக்கம். கல் கருடன் பகவானின் லீலை, நம்ம கணக்குக்குள் வராது. ஆனால் எடை மடங்கு மடங்காக ஏறுவது என்றால் என்ன என்று பசங்களுக்குப் புரியவைக்க அதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

ஒரு பறவையை அப்படியே ரெண்டு மடங்கு பெரிதாக்கினால் சிறகின் பரப்பு 4 மடங்கு ஆகும். எடை 8 மடங்கு ஆகிவிடும். தூக்குவது ஏறுவதைவிட, தூக்கப்படுவது வேகமாக ஏறுகிறது. அதனால்தான் பறப்பவைக்கு ஓர் எல்லை இருக்கிறது. இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் சிறகு விரிப்பு மிகப் பெரியது ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவைக்கு, 3.5 மீட்டர் வரை. எடை 12 கிலோவுக்குள். எடையில் பெரியதென்றால் ஆப்பிரிக்காவின் கோரி பஸ்டர்ட், நம்ம இந்தியக் கானமயிலின் சொந்தக்காரப் பறவை. ஆண் பறவை 18 கிலோ வரை வரும். பறக்கும், ஆனால் நடக்கத்தான் அதற்குப் பிடிக்கும்.

மறைந்துபோன உயிர்களில் பெரியவை இருந்தன. அர்ஜென்டினாவில் கிடைத்த அர்ஜென்டாவிஸ் என்ற பறவை 70 கிலோ இருந்திருக்கும், ஏறக்குறைய ஒரு பெரிய மனுஷர் எடை, சிறகு விரிப்பு 7 மீட்டர் போல என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். வெறும் சிறகடியில் தரையிலிருந்து கிளம்ப அதற்குத் தெம்பு போதாது. சரிவையும் காற்றையும் நம்பித்தான் அது மிதந்திருக்கணும். டைனோசர் காலத்து கெட்சால்கோட்லஸுக்குச் சிறகு 10 மீட்டர் அளவு. அதுவும் கையைச் சிறகாக மாற்றிக்கொண்ட உயிர்தான்.

மனுஷன் சொந்தப் பலத்தில் பறந்ததே இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்டாள். பறந்திருக்கிறான். 1979 ஜூன் 12-ஆம் தேதி, பிரையன் ஆலன் என்ற அமெரிக்கர் காஸமர் ஆல்பட்ராஸ் என்ற விமானத்தில் இங்கிலாந்திலிருந்து பிரான்ஸ் வரை கடலைத் தாண்டினார். 35 கிலோமீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட 3 மணி நேரம். எஞ்சின் கிடையாது. பால் மெக்கிரெடி என்பவர் வடிவமைத்த அந்த விமானத்தின் எடை 32 கிலோ போல; சிறகு மட்டும் ஏறக்குறைய 30 மீட்டர். சரி, ஆலன் எதால் பறந்தார்? கையால் இல்லை. சைக்கிள் மாதிரி காலால் மிதித்தார். மனுஷனின் பலம் நெஞ்சில் இல்லை, தொடையில் இருக்கிறது. மனுஷத் தசை பறக்கப் போதாது என்று இத்தாலிக்காரர் பொரெல்லி 17-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டு எழுதி வைத்தார். அவர் சொன்னது கையைச் சிறகாக அடிக்கிறவர்களுக்கு இன்றும் பொருந்தும்.

இதைக் கேட்டதும் பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வௌவாலுக்குச் சிறகுத் தோல் காலோட சேர்ந்திருக்குல்ல அங்கிள்?" என்றான். ஆமாம், சேர்ந்திருக்கும். அப்படியென்றால் காலும் சிறகுக்கு உதவலாம். இன்னொரு சிக்கலும் அதில் தீர்கிறது. நம்ம உடம்பின் எடை நடுப்புள்ளி தொப்புளுக்குச் சற்றுக் கீழே. சிறகைத் தோளில் மட்டும் வைத்தால் கால் ரெண்டும் கீழே தொங்கும், பிள்ளை துணி காயப் போட்ட மாதிரி நிற்பாள். தோல் கால்வரை வந்தால் உடம்பு முழுவதும் தாங்கப்படும். ஆறு உறுப்பை விட்டுவிட்டு, கையையே சிறகாக்குவது என்று அன்றைக்கு முடிவு செய்தான்.

அதற்கப்புறம் வகுப்பே அவளை வளர்க்க ஆரம்பித்துவிட்டது. பறவை எலும்பு மாதிரி உள்ளே வெற்றாக வைத்தால் எடை குறையுமே என்றான் ஒருவன். அது பாதி உண்மைதான். பறவை எலும்பு உள்ளே வெற்றாக இருந்தாலும் அந்த எலும்பின் பொருள் அடர்த்தியானது, மொத்தமாகப் பார்த்தால் அதே அளவு பாலூட்டியின் எலும்புக்கூட்டைவிடப் பெரிதாகக் குறைவது இல்லை. மூச்சு? பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகள் உண்டு. மூச்சை வெளியே விடும்போதும் நுரையீரலுக்குப் புதுக் காற்று கிடைக்கும். நமக்கு அது இல்லை. வௌவாலுக்கும் இல்லை, நம்மைப் போன்ற நுரையீரல்தான், உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாக. ஆகவே இந்தப் பிள்ளைக்கு விலாக்கூடு அகலமாக இருக்கணும். பள்ளிச் சீருடை தைக்கிற ஆன்ட்டி திட்டுவாங்க என்று ஒருத்தி சொன்னாள். மல்லாந்து படுக்க முடியுமா? முதுகு வைத்த நாற்காலியில் உட்கார முடியுமா? மடித்தாலும் விரல் எலும்பு அவள் உயரத்தைத் தாண்டிப் பின்னால் இழுபடும். பள்ளிப் பேருந்தில் எப்படி ஏறுவாள்? பாட்டிக்கு அரிசிச் செலவு எவ்வளவு கூடும்?

கடைசியில் பையனுக்கு நான் சொன்னது ஒன்றுதான். ஒரே ஒரு பொய்யை வெச்சுக்க, மிச்சம் எல்லாம் உண்மையா இருக்கட்டும். அவன் வைத்துக்கொண்ட பொய், கை எலும்பு அப்படி நீளும் என்பது. மற்றதெல்லாம் கணக்குப்படி. அவள் ஒல்லி. தரையிலிருந்து எழும்ப மாட்டாள். மத்தியான வெயிலில் குன்றின் சரிவில் காற்று மேலே ஏறும்போது அங்கிருந்து இறங்கி மிதப்பாள். வீட்டுக்கு நடந்துதான் வருவாள்.

அப்போதுதான் எட்டு வயசுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "கை இல்லன்னா அவ எப்படிச் சாமி கும்பிடுவா?"

யாருக்கும் பதில் வரவில்லை. எனக்கும்தான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. தோள் இறுகிப்போய் வரும் அம்மாக்கள் சொல்லும் முதல் குறை, கொண்டை போட முடியவில்லை. ரெண்டாவது, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட முடியவில்லை. பக்கவாதம் வந்த ஒரு ஐயா இருக்கிறார். நல்ல கையால் வராத கையைத் தூக்கி, நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திச் சேர்ப்பார். சேர்க்கிறதுக்கே ஒரு நிமிஷம் ஆகும். நடப்பதைவிட அதைத்தான் முதலில் பழகணும் என்று என்னிடம் கேட்டு வாங்கிப் பழகினார்.

அந்தக் கேள்வியோடு வகுப்பு முடிந்தது. மறுநாள் குழுவில் படம் வந்தது.

குழுவில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு பேச்சு வந்தது. "கதைதானே, எப்படி வேணும்னாலும் வரையட்டுமே, எதுக்கு இவ்வளவு எலும்புக் கணக்கு?" என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். நம்ம புராணக் கதைகளை எடுத்துப் பாருங்க. வினதை அவசரப்பட்டு முட்டையை உடைத்ததால் அருணன் கீழுடம்பு நிறையாமல் பிறந்தான். கருடன் காத்திருந்து முழுசாகப் பிறந்தார். தம்பியைச் சூரியனிடமிருந்து மறைக்கப் போய்ச் சம்பாதியின் சிறகு கருகியது. அதற்கப்புறம் அவரால் பறக்க முடியவில்லை, மலையில் கிடந்தார். ஜடாயுவின் சிறகை ராவணன் வெட்டினான்; அவர் விழுந்தார். மலைகளுக்கே ஒரு காலத்தில் சிறகு இருந்தது, இந்திரன் வெட்டினான், மைநாகம் கடலுக்குள் ஒளிந்து தப்பியது என்று சொல்கிறார்கள். அந்தக் கதைகளில் சிறகு அலங்காரம் இல்லை. அது உடம்பின் ஒரு பாகம். வளர நாள் பிடிக்கும், கருகும், வெட்டுப்படும், வலிக்கும். ஜடாயுவுக்காக நாம அழுவது அதனால்தான். பையன் தேடியதும் அதே உண்மையைத்தான்.

போன சனிக்கிழமை மாலைப் பூஜைக்கு அம்மாவையும் பையனையும் வரச் சொன்னேன். பெரியவரையும் கேட்டுக்கொண்டேன். பூஜை முடிந்து பிரசாதம் வாங்கிய பிறகு நால்வரும் வாகன அறைப் பக்கம் உட்கார்ந்தோம். பெரியவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். தோட்டத்து வீடு, பாட்டி, பால்மரச் சிரட்டையில் வைத்த பூச்செடி, எல்லாவற்றையும். எலும்புப் பக்கம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, "இது பெருமாள் கோயில் கருடன் இல்லையா?" என்று கேட்டார். "இல்ல தாத்தா. இவ தோட்டத்துப் பிள்ளை" என்றான்.

அவரும் கேட்ட முதல் கேள்வி அதேதான். "அப்போ கையை எப்படிக் கூப்புவா?"

பையன் பேசாமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். வீட்டில் இருந்த ரெண்டு வாரத்தில் வரைந்திருக்கிறான். பிள்ளை ஒரு சின்னக் கோயில் வாசலில் முட்டி போட்டிருக்கிறாள். சிறகு ரெண்டும் மடித்த குடை மாதிரி பின்னால் போயிருக்கிறது. நெஞ்சுக்கு நேரே ரெண்டு கட்டைவிரல் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிறது. வௌவாலுக்கு வெளியே மிச்சமிருக்கிற அந்தக் கட்டைவிரல்.

பெரியவர் எழுந்து வாகன அறையைத் திறக்கச் சொன்னார். பழைய நாளில் அவர் தச்சு வேலை பார்த்தவர். கருட வாகனத்தின் சிறகை ஒருமுறை பழுது பார்த்ததும் அவர்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சிறகு தனியாகச் செய்து சொருகியது, கழற்றி மாட்டலாம், இங்கே ஆப்பு, இங்கே இரும்புப் பட்டை என்று பையனுக்குக் காட்டினார். பிறகு முன்னால் நீட்டியிருக்கும் ரெண்டு கைகளைத் தொட்டுக் காட்டினார். "சிறகு மட்டும் போதும்னா கை எதுக்குடா? திருவடியைத் தாங்கணும். சந்நிதியில நிக்கிறப்போ கைகூப்பணும். அதான் ரெண்டும் வெச்சிருக்காங்க" என்றார்.

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. ஆறு உறுப்பு இயற்கையில் இல்லை என்று வகுப்பில் அவ்வளவு நேரம் பேசினோம். சிற்பிக்கும் தச்சருக்கும் அது இடைஞ்சலாகவே பட்டிருக்காது. அவர்கள் கேட்ட கேள்வி எப்படிப் பறப்பார் என்பது இல்லை. பறந்து வந்து என்ன செய்வார் என்பது. தொண்டு செய்யக் கை வேண்டும், அதனால் கை இருக்கிறது. பையன் மனுஷப் பிள்ளைக்கு உடம்பிலிருந்து தொடங்கி, கடைசியில் கும்பிடும் கட்டைவிரலில் வந்து நின்றான். அவர்கள் கும்பிடும் கையிலிருந்தே தொடங்கினார்கள்.

பெரியவர் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடவில்லை. சந்நிதி தெரிகிற இடத்தில் எலும்புக்கூடு வரைவது தனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை என்றார். அது அவர் உணர்வு, மதிக்கணும். அதனால் இனி படம் வரைகிற நேரம் அன்னதான மண்டபத்தில். பையனும் தலையாட்டினான். அம்மா மட்டும் இன்னும் "பார்க்கிறேங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். குழுவில் வந்த சில வார்த்தைகள் அவருக்கு ஆறவில்லை.

இதை எழுதுவதன் காரணம் அதுதான். பதிமூணு, பதினாலு வயசுப் பசங்க நம்ம ஆலயத்துக்கு வருவதே குறைந்துகொண்டு வருகிறது. வருகிற ஒருத்தன் கேள்வியோடு வந்தால், கேள்வியைப் பார்க்காமல் ஒரு பக்கத்துப் படத்தை மட்டும் பார்த்து அவனை வெளியே நிறுத்திவிட வேண்டாம். அந்தப் படத்தை இன்னும் மற்ற குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்க. முடிந்தால் அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. கோயிலில் பார்க்கும்போது சிரித்தாலே போதும்.

வர்ற ஞாயிறு காலை 9.30 மணிக்கு வகுப்பு உண்டு, அன்னதான மண்டபத்தில். வௌவால் சிறகு எப்படி மடிகிறது என்று பசங்களோடு செய்து பார்க்கப் போகிறோம். வீட்டில் உடைந்த குடை, மூங்கில் குச்சி, பழைய சேலைத் துணி இருந்தால் கொண்டு வாங்க. சிறகு சொருகுவது எப்படி என்று காட்ட பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்க பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. கேள்வியோட வரட்டும்.

ஓம் நமோ நாராயணாய.